ஒப்புக்கொண்ட குற்றம்

– அதெல்லாம் செத்துப்போன கதை மேடம். இன்னாத்துக்கு இப்ப தோண்டிக்கினு? மொதல்ல ஃபேனுக்குக் கீழ வந்து உக்காருங்க.

– உக்காரவா அல்சூர்ல இருந்து ஹெப்பகோடி வரைக்கும் ரெண்டு பஸ் மாறி வந்தேன், உத்தமன்? கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. அன்னிக்கு கோர்ட்ல ஏன் குற்றத்தை ஒத்துக்கிட்டீங்க?

– வாசல்ல கால வெச்சதும் இதே கேள்வியா? ஒம்பது வருசம் கழிச்சிப் பாக்கறோம். சௌக்கியமான்னு ஒரு வார்த்த கேட்டா சட்டம் கோச்சிக்குமா?

– சௌக்கியமா?

– சௌக்கியம். பாருங்க, பேக்கரி வெச்சிக்கினு இருக்கறேன். கண்டிமென்ட்ஸ்னு போர்டு மாட்டினாத்தான் இந்த ஊருல பேக்கரின்னு நம்புவாங்க. பின்னாடி கம்பெனி விட்டா கூட்டம் அள்ளும். பன்னு, பப்ஸு, டீ. பன்ன காப்பியடிச்சிட்டான்னு எவனும் கேஸ் போட முடியாது.

– குத்திக் காட்டறீங்க.

– ஐய, சிரிக்கறதுக்குச் சொன்னேன். அப்பல்லாம் நானு இன்னா சொன்னாலும் சிரிப்பீங்க.

– அப்பல்லாம் ஆஞ்சலாம்மான்னு கூப்பிடுவீங்க. இப்ப மட்டும் என்ன மேடம்?

– பேப்பர்ல போட்டோ பாத்தேன். சட்டக் கல்லூரி பேராசிரியை. டெல்லியில கமிட்டி முன்னாடி பேசறாங்கன்னு போட்டிருந்தான். அப்பேர்ப்பட்டவங்கள, பஜார் தெருவுல கேசட்டு பதிய வந்த காலேஜ் பொண்ணுகிட்டப் பேசற மாதிரி பேச முடியுமா?

– அந்தப் பொண்ணு எங்கயும் போயிடல. இதோ உக்காந்திருக்கேன்.

– காலி கேசட்டு ஒண்ணு, துண்டுச் சீட்டு ஒண்ணு. கேசட்டு கொள்ளாத அளவுக்குப் பாட்டு எழுதினு வருவீங்க. எதை விடறதுன்னு கேட்டா, எதையும் விடாதீங்கம்பீங்க. கடைசிப் பாட்டு பாதியில நின்னுடும். அதுக்கும் நாந்தான் திட்டு வாங்கணும்.

– அந்த கேசட் எல்லாமே இருக்கு. ப்ளேயர்தான் கெட்டுப்போச்சு.

– நல்லதாப் போச்சி. தூக்கிக் கடாசுங்க.

– உங்க கடையில ஒரு ரேடியோ கூட இல்லையே உத்தமன்.

– கஸ்டமரு பேசறது காதுல விழாது.

– பஜார்ல உங்க கடையில நாங்க கத்தித்தான் பேசுவோம். ஸ்பீக்கரை ஒரு நிமிஷம் கம்மி பண்ணுங்கன்னா உங்களுக்கு மூஞ்சி சுருங்கிடும்.

– அந்த உத்தமன் வேற ஆளு மேடம். விடுங்க. இந்த எடத்த யாரு சொன்னா உங்களுக்கு?

– ஸ்பீக்கர் ரிப்பேர் பண்ற ஷங்கர். அவனும் முதல்ல சொல்லமாட்டேன்னான். கெஞ்சினேன்.

– அவன் வாயில துணியத்தான் வெக்கணும். மங்களம்! ஏ மங்களம்! யாரு வந்திருக்காங்க பாரு.

– பாத்துட்டுத்தான் இருக்கறேன். எனக்கு ஒண்ணும் கண்ணு போயிடல.

– நம்ம கல்யாணத்துக்கு வந்தாங்களே, ஆஞ்சலா மேடம். அவங்களுக்கு ஒரு நல்ல டீயா போடு.

– டீக்கடைக்காரன் பொண்டாட்டிக்கு டீ போடுன்னு வேற சொல்லணுமா? பாலு இல்ல. கம்பெனி விடறதுக்குள்ள நந்தினி பூத்துக்குப் போயிட்டு வாங்கன்னு அப்ப புடிச்சி சொல்றேன். யாரு காதுல போட்டுக்கறா?

– போறேன், போறேன். மேடம், நீங்க தப்பா நெனச்சிக்காதீங்க. அடுகோடி ஏரியா பொண்ணு. வாய் கொஞ்சம் அப்பிடி.

– உத்தமன், பால் எங்கயும் ஓடிடாது. நான் எதுக்கு வந்தேன்னு மட்டும் கேட்டுட்டுப் போங்க. என் புத்தகம் முடியப் போகுது. கடைசி அத்தியாயம் மட்டும் நிக்குது.

– இன்னா புத்தகம்?

– காப்பிரைட் சட்டம் பத்தி. என் வேலையே அதானே. கேசட்டுல இருந்து கேசட்டுக்குப் பதிஞ்சா ஒவ்வொரு தடவையும் சத்தம் கொஞ்சம் தேயும். கம்ப்யூட்டர்ல தேயாது. மொதல் காப்பியும் ஒண்ணுதான், லட்சமாவது காப்பியும் ஒண்ணுதான். அப்ப எது அசல், எது நகல், யாருக்கு எவ்ளோ உரிமை? இதைத்தான் வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்கேன்.

– நீங்க சொல்றது சரிதான். பாருங்க, எதிர்ல ப்ளாட்பாரத்துல ஒருத்தன் சிடி விக்கறான். ஒரே சிடியில ஊருப்பட்ட பாட்டு. நானு ஒரு பாட்ட பதியணும்னா அந்தப் பாட்டு முடியற வரைக்கும் கூடவே உக்காந்து கேக்கணும். இவன் பட்டன அமுக்கிட்டு இங்க டீ குடிக்க வரான். பாட்டக் கேக்கறதே இல்ல.

– அதையும் எழுதியிருக்கேன். ஆனா எங்க போய்ப் பேசினாலும் என்னை ஒரே இடத்துல கொண்டுபோய் நிறுத்தறாங்க. போன மாசம் கமிட்டியிலயும் அதேதான். ‘உங்க பெங்களூர்லயே ஒரு ரெக்கார்டிங் கடைக்காரர் மேல கேஸ் வந்துச்சே. அவரே தப்புன்னு ஒத்துக்கிட்டு ஜெயிலுக்குப் போனாரே. அவருக்கே தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையா’ன்னு ஒரு வக்கீல் கேக்கறார். எல்லாரும் சிரிக்கறாங்க.

– அட, நம்ம கேஸு டெல்லி வரைக்கும் போயிருக்குதா?

– விளையாடாதீங்க. கேஸ் நடந்திருந்தா ஒரு ஜட்ஜ் ஒரு பதில் சொல்லியிருப்பார். தோத்திருந்தாக்கூட மேல் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். கஸ்டமர் கொண்டாந்த காலி கேசட்டுல, அவங்க வீட்டுல கேக்கறதுக்காகப் பதிஞ்சு குடுக்கறது திருட்டா, கூலி வேலையா? இந்தக் கேள்வியை யாருமே கேக்காம போச்சு. கேக்கறதுக்கு இருந்தது உங்க கேஸ் ஒண்ணுதான்.

– தையக்கடை மாதிரின்னு எழுதினீங்க இல்ல? துணி அவங்களுது, தைக்கற கூலி நம்மளுது.

– நான் எழுதினது உங்களுக்கு எப்படித் தெரியும்?

– நம்ம வக்கீலு வெங்கடகிருஷ்ணன் படிச்சிக் காமிச்சாரு. இங்கிலீஷ்ல படிப்பாரு, தமிழ்ல சொல்லுவாரு. ‘உத்தமா, இந்தப் பொண்ணு எழுதின மாதிரி எனக்கே வாதாடத் தெரியாது’ன்னாரு.

– அந்த தீசிஸோட முதல் பக்கம்தான் உங்களை மாட்டிவிட்டுச்சு.

– நன்றின்னு போட்டீங்க. அவ்ளோதானே?

– எங்க வீட்டுல அப்படி வளத்துட்டாங்க. ஒரு டம்ளர் தண்ணி குடுத்தவங்களுக்கும் தேங்க்யூ சொல்லிட்டுத்தான் குடிக்கணும். ‘பதிவு வேலையைப் பக்கத்துல உக்கார வெச்சுக் காட்டின அல்சூர் பஜார் தெரு உத்தமனுக்கு நன்றி.’ வழிகாட்டின ப்ரொஃபசருக்கு அடுத்த வரி. கேசட் கம்பெனி ஆளு ஒருத்தன் எங்க காலேஜ் லைப்ரரிக்கு வந்து வாசிச்சிருக்கான். அத்தனை பக்கத்துல அவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

– பேரு அச்சுல வந்திருக்குதுன்னு நானு பஜார் பூரா காமிச்சேன் மேடம். பூக்காரம்மா கூட வாங்கித் தடவிப் பாத்துச்சி. போலீசு வர்ற வரைக்கும் எனக்கு அது பெருமதான்.

– இப்படி நீங்க பேசப் பேச எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. திட்டிடுங்களேன்.

– நன்றி சொன்னவங்கள எவனாச்சும் திட்டுவானா?

– சரி, அதை விடுங்க. வெங்கடகிருஷ்ணன் சார் என்னைக் கூப்பிட்டார். ‘நீதாம்மா முதல் சாட்சி. எழுதினதைக் கூண்டுல ஏறிச் சொல்லணும். கேஸ் முடியற வரைக்கும் உத்தமனைப் பாக்காதே, பேசாதே. சாட்சியைத் தயார் பண்ணிட்டான்னு சொல்லிடுவாங்க’ன்னார். சரின்னேன். உங்க கடைப் பக்கமே வரல. பஜாருக்குப் போகணும்னா ஏரிக்கரையைச் சுத்திக்கிட்டுப் போனேன்.

– தெரியும்.

– அன்னிக்கு எங்கம்மாவோட பட்டுப் புடவையைக் கட்டிக்கிட்டு கோர்ட்டுக்கு வந்தேன். வராண்டாவுல நின்னு பதில் எல்லாத்தையும் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன். உங்க பேரைக் கூப்பிட்டாங்க. உள்ள போனீங்க. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகல. ரெண்டு போலீஸோட வெளிய வந்தீங்க. சார் வந்து, ‘ஒத்துக்கிட்டான்மா. நீ வீட்டுக்குப் போ’ன்னார்.

– நீல கலர் பொடவ. பாத்தேன்.

– பாத்தீங்கல்ல? நான் வந்திருக்கேன்னு தெரிஞ்சும் ஏன்?

– தப்பு பண்ணேன். ஒத்துக்கினேன். இதுல இன்னா இருக்குது?

– தப்புன்னு நீங்க நினைக்கவே இல்ல.

– இப்ப நெனைக்கறேன்.

– பொய். உத்தமன், நான் புத்தகத்துக்காக மட்டும் வரல. இத்தனை வருஷமா எனக்குள்ள ஒரு முள்ளு இருக்கு. ‘இந்தப் பொண்ணு எழுதினது வெறும் காயிதம். இதை நம்பிக் கூண்டுல நின்னா முழுகிடுவோம்’னு நீங்க முடிவு பண்ணிட்டீங்கன்னுதான் நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். யாருக்காக எழுதினேனோ அவரே நம்பல. அப்புறம் எவ்ளோ எழுதி என்ன, எந்த மேடையில பேசி என்ன?

– சீச்சீ! ஆஞ்சலாம்மா, அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க. சத்தியமா அப்பிடி இல்ல.

– அப்ப எப்படி?

– மங்களம், பாலு எத்தினி பாக்கெட்டு வேணும்?

– உத்தமன்!

– கம்பெனி விடற நேரம் மேடம். வண்டியில போயிட்டு உடனே வந்துடறேன். டீ குடிக்காம போயிடாதீங்க.

– போயிட்டாரு. இனிமே பால் பூத்துல நாலு பேருகிட்ட நாயம் பேசிட்டுத்தான் வருவாரு. நீங்க உக்காருங்க அக்கா.

– உக்காந்துதான் இருக்கேன், மங்களம்.

– இல்ல, எழுந்துக்கப் பாத்தீங்க. எனக்கு உங்க மேல கோவம் உண்டு. மூடி மறைக்க மாட்டேன். உங்கள மொத தடவ கல்யாணத்துல பாத்தப்பவே, யாரு இந்த இங்கிலீஷ் பேசற பொண்ணு, கடையிலயே உக்காந்திருக்குமாமேன்னு சந்தேகம்.

– ஐயோ, மங்களம். அப்படி எல்லாம்...

– கொத்து, கொத்து, எனக்குத் தெரியும். ஒரு மாசத்துல புரிஞ்சி போச்சி. இவருக்கு உங்க படிப்பு மேலதான் பிரியம். நம்ம தொழிலப் பத்தி ஒருத்தங்க புஸ்தகம் எழுதறாங்கன்னு. அது சும்னே அதோட நின்னிருந்தா நானும் பெருமதான் பட்டிருப்பேன்.

– நியாயம்தான்.

– எனக்கு அது தல தீபாவளி. மாப்பிள்ளைக்குன்னு எங்கம்மா எடுத்து வெச்ச வேட்டி பீரோவுல கெடக்குது, மாப்பிள்ள ஜெயில்ல கெடக்கறாரு. அக்கம்பக்கத்துல கேட்டா, ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லுன்னாங்க எங்கம்மா. ஊருக்குப் போனவன் தல தீபாவளிக்குப் பொண்டாட்டிய விட்டுட்டா போவான்? தெருவுல பட்டாசு வெடிக்கறாங்க, நான் கதவச் சாத்திக்கினு உக்காந்திருந்தேன்.

– என்னை மன்னிச்சிடுங்க. அந்த நன்றியை நான் எழுதாம இருந்திருந்தா...

– அதுக்கில்ல அக்கா. அது தெரியாம நடந்துச்சி. தெரிஞ்சே நடந்தது ஒண்ணு இருக்குது. உங்கப்பா இருக்காரா?

– இல்ல. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்துட்டார். ஏன்?

– அப்ப சொல்லலாம். சத்தியம் பண்ணது எங்க வீட்டுக்காரரு. நான் ஒண்ணும் பண்ணல.

– என்ன சத்தியம்?

– கேஸுக்கு முந்தின வாரம். எனக்கு மொத வரலட்சுமி பூஜ. கலசம் வெச்சி, பொடவ கட்டி, தாம்பூலத்துக்கு அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க வந்து போறாங்க. சாயந்தரம் உங்கப்பா வந்தாரு. கோட்டு போட்டுக்கினு.

– அப்பாவா? உங்க வீட்டுக்கா?

– கிளாரன்ஸ் ஐயாதானே? உக்காருங்கன்னா உக்காரல. பூஜ நடக்கற எடம்னு ஷூவக் கழட்டிட்டு வாசப்படிகிட்டயே நின்னாரு. ‘எம் பொண்ணுக்கு லண்டன்ல மேல்படிப்புக்கு எடம் கெடச்சிருக்குதுப்பா. செலவு எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க. அவ எங்கிட்ட சொல்லல. வந்த லெட்டர நானே பாத்துட்டேன்’னாரு.

– லெட்டரை அப்பா பாத்தாரா?

– பாத்திருக்காரு. ‘இந்தக் கேஸுல அவ சாட்சி சொன்னா, கம்பெனிக்காரங்க பெரிய வக்கீல வெச்சி, நீயும் கூட்டுதான்னு அவ பேரையும் சேத்துடுவாங்களாம். கேஸுல பேரு வந்தா பாஸ்போர்ட்டு குடுக்கமாட்டாங்களாம். எங்க வம்சத்துல யாரும் கடல் தாண்டிப் படிச்சதில்ல. உன் தங்கச்சியா இருந்தா நீ இன்னா பண்ணுவே’ன்னு கேட்டாரு. அழல. அழுதிருந்தாக்கூட இவரு சமாளிச்சிருப்பாரு.

– யேசுவே.

– நாந்தான் கேட்டேன், ‘அப்ப எம் புருசன் ஜெயிலுக்குப் போலாமா ஐயா?’ன்னு. தல குனிஞ்சிக்கினாரு. ஆனா போகல, நின்னுக்கினே இருந்தாரு. கடைசியில இவரு சொன்னாரு, ‘சாட்சி தேவப்படற மாதிரி கேஸே நடக்காது ஐயா. நீங்க போங்க’ன்னு. அப்பறம்தான் சத்தியம். ‘நான் வந்தது எம் பொண்ணுக்குத் தெரியக்கூடாது’ன்னு, எங்க கலசத்துக்கு முன்னாடியே வாங்கினு போனாரு. அதான் இவரால மீற முடியல. அவருக்கு நீங்க எழுதினது மேல நம்பிக்க இல்லாம இல்ல அக்கா. ஜெயிச்சிடுவோம்னு வக்கீலே சொன்னாரு. ஜெயிக்கற கேஸத்தான் இவரு விட்டாரு.

– மங்களம்.

– இன்னா அக்கா? மூஞ்சி ஏன் இப்பிடி ஆவுது? தண்ணி குடிங்க.

– வரலட்சுமி பூஜை எந்த மாசம்?

– ஆகஸ்டுல வரும். ஏன்?

– நான் ஜூலையிலேயே எழுதிட்டேன்.

– இன்னாத்த?

– லண்டனுக்கு. வரலைன்னு. நீதான் முதல் சாட்சின்னு வெங்கடகிருஷ்ணன் சார் சொன்ன வாரமே எழுதிப் போட்டுட்டேன். காலேஜ் செப்டம்பர்ல திறக்கும். கேஸ் எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்? நான் ப்ளேன் ஏறிட்டா உத்தமனுக்காக யார் கூண்டுல ஏறுவா? அதனால வேண்டாம்னுட்டேன்.

– அப்ப உங்கப்பா பாத்த லெட்டரு?

– இடம் குடுக்கறோம்னு முதல்ல வந்தது. அதை மேசை டிராயர்ல போட்டு வெச்சிருந்தேன். பதில் எழுதினதை அப்பாகிட்ட சொல்லல. சொன்னா வீடு ரெண்டாயிடும்னு பயம். கேஸ்ல ஜெயிச்சிட்டு, நல்ல சேதியோட சேத்துச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஒரு வாய் வார்த்தை, மங்களம். சாப்பாட்டு மேசையில எதிர்லதான் உக்காந்திருந்தார். ‘டாடி, நான் போகல’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் உங்க வாசப்படிக்கு வந்திருக்கவே மாட்டார்.

– அப்ப நீங்க லண்டனுக்குப் போகவே இல்லியா?

– போகல.

– அப்பறமும்?

– அடுத்த வருஷம் கேட்டுப் பாத்தேன். வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்னாங்க. இங்கயே ஒரு ஈவ்னிங் காலேஜ்ல வகுப்பெடுத்தேன், ராத்திரி உக்காந்து எழுதினேன். அப்படியே ஓடிடுச்சு. அதுல எனக்கு வருத்தம் இருந்ததில்ல. யாருக்காக விட்டேனோ அவர் கேஸை நடத்தலையேங்கறதுதான் வருத்தம்.

– உங்கப்பாகிட்ட எப்பதான் சொன்னீங்க?

– உத்தமன் ஜெயிலுக்குப் போன அன்னிக்கு. கோர்ட்ல இருந்து வந்து, புடவைகூட மாத்தாம சொன்னேன். அப்பா கத்துவார்னு பாத்தேன். அப்படியே உக்காந்து அழுதார். ரெண்டு நாள் சாப்பிடல. லண்டன் போச்சேன்னு அழறார்னு நினைச்சேன். ‘போனா போகுது டாடி, பெங்களூர்ல இல்லாத படிப்பா’ன்னு சமாதானம் பண்ணினேன். அவர் எதுக்கு அழுதார்னு இப்பத்தான் தெரியுது.

– அவராச்சும் வாயத் தொறந்திருக்கலாமே.

– எப்படித் திறப்பார்? ‘அவனை நான்தான் ஜெயிலுக்கு அனுப்பினேன்’னு பொண்ணுகிட்ட எந்த அப்பாவால சொல்ல முடியும்? சாகற வரைக்கும் ஞாயித்துக்கிழமை பூசையில உத்தமன் பேருக்கும் சேத்து ஜெபிப்பார். நல்ல மனசுன்னு நினைச்சேன்.

– அப்ப எங்க வீட்டுக்காரரு ஜெயிலுக்குப் போனது எதுக்குக்கா?

– எதுக்கும் இல்ல, மங்களம்.

– கட போச்சே, பஜார்ல தல காட்ட முடியாம இங்க வந்து ஒளிஞ்சிக்கினோமே, அது?

– அதுவும்தான்.

– ஏன் மாடோது! இன்னா பண்றது சொல்லுங்க. எனக்குச் சிரிப்பு வருதா அழுக வருதான்னே தெரியல.

– என்னை அடிச்சாலும் வாங்கிக்கறேன்.

– அடிச்சி? அந்த தீபாவளி திரும்பி வருமா? அக்கா, ஒண்ணு சொல்றேன், கேப்பீங்களா? அவருகிட்ட இத சொல்லாதீங்க.

– அவருக்குத் தெரிய வேணாமா? என் மனசுல இருந்த முள்ளு போயிடுச்சு. அவர் மேல இருந்த கோவம் போயிடுச்சு. அதையாவது சொல்லணும்.

– சொன்னா லண்டனும் வெளிய வரும். அவருக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். பாட்டு கேக்கறதையே விட்டுட்டாரு. பஜார்ல இருந்து யாராச்சும் வந்தா உள்ள போயி நின்னுக்குவாரு. ஆனா மேல ஏரோப்ளேன் போனா மட்டும் கல்லாவ விட்டுட்டு வந்து அண்ணாந்து பாப்பாரு. ‘நம்மளால ஒரு பொண்ணு கடல் தாண்டிப் போயி படிச்சிச்சி மங்களம்’பாரு. பேப்பர்ல உங்க போட்டோ வந்த அன்னிக்கி எல்லாருக்கும் ஓசி டீ. அதையும் புடுங்கிடாதீங்க.

– ஆனா என் புத்தகம்? ஏன் ஒத்துக்கிட்டார்ங்கற காரணம் தெரிஞ்சாத்தான் அந்தக் கமிட்டிக்கு நான் பதில் சொல்ல முடியும். அவர் தப்புன்னு நினைச்சு ஒத்துக்கல, ஜெயிக்கற கேஸை விட்டாருன்னு.

– எழுதுங்க. லண்டன விட்டுட்டு எழுதுங்க.

– பாதி உண்மையை எழுத எனக்கு வராது, மங்களம். சாட்சியைக் காப்பாத்த விட்டுக் குடுத்தார்னு எழுதினா, அந்த சாட்சி என்ன ஆனாள்னும் எழுதணும். எழுதலேன்னா அடுத்த கேள்வியே அதுதான் வரும்.

– எழுதினா அவரு படிப்பாரு. தெரியாத இங்கிலீஷா இருந்தாலும் யாரையாச்சும் புடிச்சிப் படிக்க வெப்பாரு.

– தெரியும்.

– அப்ப?

– இருங்க, யோசிக்கறேன்.

– யோசிக்க நேரமில்ல. வண்டிச் சத்தம் கேக்குது. கண்ணத் தொடச்சிக்கங்க அக்கா. இந்தாங்க முந்தான.

– இன்னா, ரெண்டு பேரும் பேச்சு மூச்சக் காணோம்? மங்களம், இந்தா பாலு. மேடத்த எதாச்சும் சொன்னியா நீ?

– ஆமா, திட்டித் துப்பிட்டேன். போயி அடுப்பப் பாருங்க.

– பாக்கறேன். மேடம், வண்டியில யோசிச்சிக்கினே வந்தேன். அவ்ளோ தூரம் வந்து கேக்கறீங்க, பதில் சொல்லாம இருந்தா நல்லால்ல. பயந்துட்டேன். அவ்ளோதான். கூண்டப் பாத்ததும் வாயில வந்தது வந்துடிச்சி. நீங்க எழுதினது மேல எந்தக் கொறையும் இல்ல. நானுதான் கோழ. பயந்துக்கினு ஒத்துக்கினான்னே புக்குல போட்டுடுங்க.

– அப்படியே போட்டுடவா?

– போடுங்க. பேரப் போட்டாலும் சரி.

– சரி, உத்தமன். பயந்து ஒத்துக்கிட்டார்னே எழுதிடறேன்.

– டெல்லியில அந்த வக்கீலு சிரிப்பானே?

– சிரிச்சிட்டுப் போகட்டும்.

– எம் மேல கோவம் இல்லியே?

– இல்ல. துளிகூட இல்ல.

– அப்பாடா. இப்பத்தான் மூச்சு வருது. ஆஞ்சலாம்மா, நானும் ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருக்கறேன். கேக்கலாமா?

– ஏங்க, அவங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது. டீயக் குடுத்து அனுப்புங்க.

– ஒரு நிமிசம் இரு மங்களம். கேட்டா இன்னா கொறஞ்சா போயிடுவாங்க? நீங்க லண்டன் போறதா அப்ப உங்கப்பா சொன்னாரு, ஒரு தடவ பஜார்ல பாத்தப்ப. அங்க போயி எறங்கினீங்களே, மொத நாளு, எப்பிடிம்மா இருந்துச்சி?

– மழை பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு, உத்தமன். நான் குடை எடுத்துட்டுப் போகல.